ஒரு மாதிரி

"ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்."
மணி ஒன்றே கால்.
அதற்குமேல் பூமயில் எதுவும் சொல்லவில்லை.

கேஸ் ஷீட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.
வலி என்றால் பத்துக்கு எத்தனை என்று கேட்கலாம்,
வாந்தி என்றால் எத்தனை தடவை.
ஒரு மாதிரி என்றால்
எந்த மாதிரி?

சின்னப்பாலத்துக்காரி.
பாசி எடுக்கப் போன இடத்தில்
கணுக்காலுக்குக் கீழே திருக்கை முள்.
மூன்று நாள் மஞ்சள் அப்பிக்கொண்டு கிடந்துவிட்டு
நான்காம் நாள் ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.
துணிச்சுருள் கட்டிக் கட்டி வெளுத்த விரல்கள்.
ஊசி போட்டபோது சிரித்தாள்:
"இதெல்லாம் ஒரு குத்தா?"

நேற்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள்,
கடல் வத்திருச்சா, காத்து வாடையா கச்சானா.
வார்டு ஜன்னலில் தெரிவது
ஆம்புலன்ஸ் நிற்கிற இடமும் ஒரு கொடிக்கயிறும்தான்.
தொந்தரவு தாங்காமல்
காயப்போட்ட சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று
எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

இன்று எட்டு மணிக்கு டூட்டி ஏறியதிலிருந்து
ஒருமுறைகூட அவள் காற்றைக் கேட்கவில்லை.

காய்ச்சல் இல்லை. தொண்ணூற்றேழு.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் இளமாறனுக்குப் போன் போட்டேன்.
"சார், பூமயில் ஒரு மாதிரியா இருக்காங்க."
"தூக்கம் வராம இருக்கும். காலைல பாக்குறேன்."
அவரைக் குறை சொல்ல முடியாது.
என் கையில் இருந்த கேள்வியை
அப்படியே அவர் கையில் திணித்திருக்கிறேன்.

மண்டபத்தில் வேலை பார்த்தபோது
ஆறாம் நம்பர் கட்டில்.
'டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதி
அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
அந்தக் கோடு என்னைக் காப்பாற்றியது.
அவரை இல்லை.

வாட்சைப் பிடித்துக்கொண்டு
பூமயிலின் மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன்.
வழக்கமாக எண்ண மாட்டோம்.
எல்லா ஷீட்டிலும் இருபது என்றே இருக்கும்,
ஊரே ஒரே அளவில் மூச்சு விடுவதைப்போல.

இருபத்தெட்டு.

"சார், மறுபடியும் நான்தான்.
பத்து மணிக்கு எண்பத்தெட்டு இருந்த நாடி
இப்ப நூத்திப் பதினெட்டு.
மூச்சு இருபத்தெட்டு, நானே எண்ணினேன்.
சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போகல.
எட்டு மணிக்கு நான் போட்ட பேனாக்கோட்டைத் தாண்டி
வீக்கம் நாலு விரக்கடை ஏறியிருக்கு.
ரத்தத்துல கலந்துருச்சோன்னு பயமா இருக்கு.
நீங்க இப்ப வரணும்."

சாரி சார் என்று சேர்க்க நாக்கு துடித்தது.
கடித்துக்கொண்டேன்.
அந்தப் பக்கம்
செருப்பைத் தேடும் சத்தம்.

வாசலில் அவள் புருஷன் நம்புராஜன்.
"ராம்நாட்டுக்கு அனுப்புறீங்கன்னா
முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா?"

'ஒண்ணுமில்லண்ணே, பயப்படாதீங்க' தயாராக இருந்தது.
எப்போதும் தயாராகத்தான் இருக்கும்.

"கால்ல இருந்த சீழ் மேல ஏறுது.
மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு.
அங்க அறுத்துச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும்.
போக ஒரு மணி நேரம்.
அவங்க பேசாம கெடந்தா விட்றாதீங்க, பேச்சுக் குடுங்க."

"என்னத்தப் பேச?"

"காத்து எந்தப் பக்கம்னு கேளுங்க."

மூன்று பத்துக்கு வண்டி கிளம்பியது.
ஷீட்டில் மேற்கோள் குறிக்குள்
அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்: "ஒரு மாதிரியா இருக்கு."
கீழே எண்கள்.
காலையில் ஜமீலா படித்துவிட்டு
"எதை வச்சு சந்தேகப்பட்ட?" என்றாள்.
சொல்ல வாயெடுத்தபோது போன்.

நம்புராஜன். பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல்.
"பாலத்துல வச்சு கேட்டேன் சிஸ்டர்.
வாடைன்னு சொன்னா.
கச்சான் தூக்கி அடிக்குது, வண்டியே ஆடுது,
இவ வாடைங்கிறா.
இவளுக்கா காத்து தெரியாது?"

"எப்பச் சொன்னாங்க?"
"நாலு மணி இருக்கும்."
"இத அங்க உள்ள சிஸ்டர்கிட்ட சொன்னீங்களா?"
"காத்தப் பத்தியா? இதப் போயி..."

"சொல்லுங்கண்ணே.
போன அவங்ககிட்ட குடுங்க,
நானும் சொல்றேன்."