இல்லை என்பதற்கு ஆகும் நேரம்

பதினோரு மாத ஒப்பந்தம். இது எட்டாவது.
கருப்பூரில், ஜன்னலில் கறுப்புத்துணி தொங்கும் அறை,
ஒரு திரை, இரண்டு பொத்தான்,
கண் போகும் வழியைக் குறிக்கும் கேமரா.
அது என்னைவிட நிரந்தரம்,
சொத்துப் பதிவேட்டில் எண் இருக்கிறது.

முப்பத்தோராவது ஆள் மாதம்மாள்.
ஜவ்வரிசி ஆலையில் கறுப்புப் புள்ளி பொறுக்குகிறவர்.
'நிறைய ட நடுவே ஒரு ப இருக்கா பாருங்க.
இருந்தா வலது, இல்லேன்னா இடது.'

இருந்தபோதெல்லாம்
ஒரு நொடிகூட ஆகவில்லை அவருக்கு.
இல்லாத திரையில்தான் நின்றுபோனார்.
ஆறு நொடி. பதினொன்று.
கண் வரிவரியாக இறங்கி
மறுபடி முதல் மூலைக்கே ஏறியது.
'எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்களா?
ஒண்ணுமே இல்லாத மூட்டைய
நான் பாத்ததில்லீங்க.'

பேராசிரியரின் குறிப்பு: விலகிய தரவு, நீக்கிவிடு.
ஒரு சொடுக்கு வேலை.
நாளைக்குச் செய்யலாம் என்று வைத்திருக்கிறேன்,
நான்கு நாளாக.

இருநூறு ரூபாய்க்குக் கையெழுத்துப் போடும்போது கேட்டார்:
'உங்களுக்கு இது வருசம் பூராவுமா?'
'நீட்டிச்சாத்தான்.'
'எங்களுக்கும் குச்சிக்கிழங்கு வந்தாத்தான்.'

அவர் போனதும் துணியை விலக்கினேன்.
சேர்வராயன் மலை இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் வெள்ளை.

மின்னஞ்சலில் நாற்பது வரி.
கருத்தரங்கு, வங்கிக் கடன், கருத்தரங்கு,
நூலகத்தில் திருப்பவேண்டிய புத்தகம்.
நீட்டிப்பு ஆணை இல்லை.

இடது பொத்தான்.
தெரிகிறது.

மேலிருந்து மறுபடி
ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.