செக்குபந்தி

அப்பா போன பதினேழாம் நாள்
ரிக் ஆபீஸ் பீரோவில் கிடைத்தது உயில்,
டீசல் பில் கட்டுக்கு அடியில்,
பின்பக்கம் கிரீஸ் பெருவிரல் ரேகையோடு.

வீடு தம்பிக்கு.
போர் வண்டி இரண்டும் தம்பிக்கு.
'கடப்பை ஜில்லா ஓபுள் ரெட்டி நிலத்தில்
மண்ணுக்குக் கீழே உள்ளதில் பாதி
மகள் கோமளவல்லிக்கு.'

மேலே அவர்கள் நிலக்கடலை போடுகிறார்கள்.
கீழே பாதி நான்.
திருச்செங்கோட்டில் பாதி என்றால் யாரும் சிரிப்பதில்லை,
மலை மேல் நிற்கிற சாமியே பாதிக்குப் பாதி,
அப்பாவுக்கு வைத்ததும் அந்தப் பேர்தான்.
தம்பி சிரித்தான்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.
"புரொபேட்டு வேணுமானு கேக்கறீங்க.
வேண்டாம்னு வாதாடலாமுங்க.
ஆனா உயில் இங்க, நிலம் அங்க.
நம்ம காயிதத்தை வாசிக்க
அந்த ஆபீஸுல ஆளில்லீங்க.
கோர்ட்டு சீல் இருந்தா
வாசிக்காமயே வாங்கிக்குவாங்க."

சாட்சி இரண்டு பேர்.
ஒருவருக்குப் போன ஆடியில் நானே மாலை வாங்கிப் போனேன்.
இன்னொருவன் டிரில்லர் மாரப்பன்.
"ராஜஸ்தான்ல இருக்கறனுங்க அக்கா" என்றான்.
எப்போது வருவாய் என்றேன்.
அதற்குப் பிறகு கம்ப்ரசர்தான் பேசியது.

தம்பி நோட்டில் கூட்டிக் காட்டினான்:
ஸ்டாம்பு, மொழிபெயர்ப்பு, பஸ், ரூம் வாடகை, வக்கீல்.
"அந்தக் கல்லு என்ன வெலைக்குப் போகும்னு
யாருக்காச்சும் தெரியுமா?"
தெரியாது.
காற்றில் அடிக்காமல் ஆபீஸ் கதவுக்கு
இத்தனை வருசமாய் முட்டுக் கொடுத்தது
அந்தக் கல்தான் என்பதே
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
தேங்காய் அளவு வெள்ளைக் கல்.
தூக்கினால் கை தானாகக் கீழே போகிறது.

டைப்பிஸ்ட் பொண்ணு சொத்து விவரம் அடிக்கிறாள்.
கிழக்கே வண்டிப்பாதை.
மேற்கே ஓடைப் புறம்போக்கு.
வடக்கே நரசிம்முலு புஞ்சை.
தெற்கே ரெட்டியின் அண்ணன் வேலி.
விரல் நின்றது.
"கீழ எதுவரைக்கும்னு போடறதுங்க அக்கா?"

வக்கீல் ஃபேனைப் பார்த்தார்.

ஸ்கூட்டியை விரட்டிப் போய்
அப்பாவின் போர் நோட்டை எடுத்து வந்தேன்.
எந்த ஊர், எத்தனை அடி, எத்தனை கேசிங் பைப்,
முப்பது வருசப் பென்சில் எழுத்து.
ஓபுள் ரெட்டி தொண்ணூற்றெட்டில் இருந்தார்.

நாப்பது வரை செம்மண்.
நூத்தி முப்பதுல வெள்ளைக்கல், நல்ல கனம்.
முன்னூத்திப் பத்துல ஈரப்புழுதி. ஏமாந்தோம்.
அறுநூத்தி நாப்பது. நிறுத்தியாச்சு.
தண்ணி இல்லை.
காசு கேக்கல. அவராத்தான் பாதி எழுதிக் குடுத்தாரு.

நான் வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள்.
நிறுத்தச் சொல்லும் முன்
'கீழே: அறுநூற்று நாற்பது அடி, தண்ணீர் இல்லை'
என்று வரி முடிந்துவிட்டது.

வக்கீல் கோடு கிழிக்கப் பேனாவைத் திறந்தார்.
சித்தெ நேரம் அப்படியே இருந்தார்.
மூடி வைத்துவிட்டு,
"கையெழுத்துப் போடுங்க" என்றார்.