நிலை: பாவனையில்

குருநகர் மாடியின் மூன்றாம் தட்டுக்கு
முழு அலுமாரி ஏறாது.
படி வளைகிற இடத்தில் யாரோ ஒருவரின் கட்டில்
அதைச் சுவரில் கீறி எழுதிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.
ஆகவே எங்களது தட்டையாக வந்தது,
இரண்டு காட்போட் பெட்டிகளில்,
இருபத்துநான்கு மாதத் தவணையில்.

தாளில் எழுத்தே இல்லை.
அம்புக்குறிகள், இலக்கங்கள், ஒரு கை.
அந்தக் கைக்கு நகமில்லை, வியர்வையில்லை.
கரண்ட் நின்ற மத்தியானமொன்றில்
அருள்ரஞ்சன் அதைப்போலவே பிடிக்கப் பார்த்து
பெருவிரலை நசுக்கிக்கொண்டார்.
முடிந்தபோது எட்டுத் திருகாணி மிச்சம்.
அலுமாரி நின்றது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பதினொரு மாதம் நின்றது.
கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டும்.
ஒரு சட்டை எடுக்க நான் மெத்தையில் ஏறி
முழங்காலில் போவேன், கோயிலுக்கு நேர்த்தி வைத்தவள்போல.
கார்த்திகை மழை ஜன்னலால் வந்தது.
அடிப்பலகை தேத்தண்ணியில் போட்ட றஸ்க்காக
ஊதி, விரலுக்கு உதிர்ந்தது.

தூக்கி எறியச் சொன்னார்.
இன்னும் பதின்மூன்று தவணை, என்றேன்.

நான் வேலை செய்வது போட்டோக்கொப்பிக் கடையில்.
அந்தத் தாளைப் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்தேன்.
நகமில்லாத கையைப் பேனையால் வெட்டினேன்.
பிறகு கடைசிப் படத்திலிருந்து முதற்படத்துக்கு,
இறுக்கியதெல்லாம் இடப்பக்கம் சுற்றி.

வாள் போட்டபோது மரம் மணக்கவில்லை.
பசை மணந்தது. மா மாதிரி ஒரு தூள்
ஷெரோனின் புருவத்தில் ஏறி
அவனைக் கிழவனாக்கிச் சிரிக்க வைத்தது.
வெட்டிய விளிம்புகளுக்குக் கடையிலிருந்து
மஞ்சள் டேப் கொண்டுவந்து ஒட்டினேன்.
கேட்டுத்தான் எடுத்தேன்.

பத்தொன்பதாம் மாதம், இரண்டு தவணை பிந்தி,
கேதாரன் வந்தான், கம்பனிக் கொப்பியோடு.
‘பிந்தினால் பொருளைப் பாக்கவேணும் அக்கா.
அலுமாரி எங்க?’

இருந்து எழுதுங்கோ, என்றேன்.
அவன் கொப்பியை வைத்த மேசையில்
ஒரு கைபிடி இருந்தது.
முழங்கையில் இடித்த பிறகுதான்
அது கதவென்று கண்டான்.
சுவரில் பிணைச்சல் போட்ட கதவு;
ஷெரோன் படித்து முடிய மடங்கிப் போகும்.

பிரதியைக் கையில் கொடுத்தேன்.
எழுந்து தேடத் தொடங்கினான்.
ஏ, பி: குசினித் தட்டுகள்,
மிளகாய்த்தூள் போத்தல்களுக்குப் பின்னால்
ஸ்டிக்கர் இன்னும் இருந்தது.
லாச்சிகள் கட்டிலுக்குக் கீழே,
உடைந்த குழந்தை வண்டியின் சில்லுகளில்.
உடுப்புத் தொங்கிய கம்பியில் ஜன்னல் சீலை.
கண்ணாடிக் கதவு தொட்டிக்கு மேலே.
மீன் கழுவும்போது எனக்கு முதுகுப்பக்கத்துக் கடல் தெரியும்,
ஒரு முழம் அகலத்தில்,
சிலவேளை ஒரு வள்ளத்தின் பாதி.
அவன் அதில் தலைமயிரைச் சரிசெய்துகொண்டான்.

‘ஜீ இல்லை’ என்றான். குரலில் கம்பனி வந்திருந்தது.

ஜன்னலால் எட்டிக் கூப்பிட்டேன்:
‘பிலோமினாக்கா, ஜீயைத் தூக்கிக் காட்டுங்கோ!’
கீழே றால் தெரிந்துகொண்டிருந்தவ
பலகையைச் சரித்து, கொட்டி,
தலைக்கு மேலே பிடித்தா.
மீசைகள் ஒட்டிய வெள்ளைப் பலகை,
மூலையில் ஜீ.
‘காணுமோ தம்பி? கை உளையுது!’

காணும், என்றான்.

ஒரு தவணை கட்டினேன். மற்றதற்கு மாதமுடிவு.
அவன் எழுதினான்: அலுமாரி, ஒன்று.
நிலை என்ற இடத்தில் பேனை நின்றது.
கைபிடியை இரண்டுதரம் தட்டிப் பார்த்தான்.
பிறகு எழுதினான்: பாவனையில்.

எழும்பும்போது மஞ்சள் டேப்பின் ஒரு நுனி
கிளம்பியிருந்ததைக் கண்டு
பெருவிரலால் அழுத்திவிட்டான்.
கொஞ்சநேரம்
எடுக்காமல் வைத்திருந்தான்.