கூட்டறிக்கை, நான்காம் விடயம்

தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
"அரையிறுதித் தோல்விக்குப்
பயிற்றுவிப்பாளரே பொறுப்பு."
'பொறுப்பு' வந்ததும் பேனை கொஞ்சம் நின்றது.
மின்விசிறி கொப்பியின் மூலையைத்
தூக்கித் தூக்கிப் பார்த்தது.

எதிரில் புவிராஜ் சேர்.
முழங்காலில் தொப்பி, தொப்பிக்குள் விசில்.
பிளேன்டித் தட்டு அவரிடம் கடைசியாகத்தான் போனது.

"என்னத்துக்குகா கோலிய வெளிய எடுத்த நீங்க?"
கேட்டவர் பொருளாளர் இரத்தினவேல்.
ஹொக்கி மட்டையைத் தொட்டறியாதவர்.
ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

ஒன்றுக்குப் பூச்சியம். நாலு நிமிஷம் மிச்சம்.
சேர் கை காட்டினார்.
தலைக்கவசமும் பேட்டுமாய்க் கிதுர்சனா
ஓர் அலுமாரி நடந்து வருவதுபோல் வெளியே வந்தாள்.
அவளுக்குப் பதில் ஓடக்கூடிய ஒருத்தி உள்ளே.
பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளை
தனியாகக் கொண்டுபோனாள் பந்தை.
வட்டத்துக்குள் வைத்து,
கோழிக்குத் தவிடு தள்ளுகிற மாதிரி
மெல்லத் தள்ளினாள்.
தடுக்க ஒரு குருவியும் இல்லை.

"ஒண்டுக்குப் பூச்சியமும் தோல்விதான்," என்றார் சேர்.
"அது மானமுள்ள தோல்வி," என்றது பின்வரிசை.
மானத்தின் கீழ் கோடு போடச் சொன்னார்கள்.
போட்டேன்.

அவரில் பிழை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.
பஸ்மிலா காலை இழுத்து இழுத்து ஓடியது
கதிரையில் இருந்த எனக்கே தெரிந்தது.
அவளை மாற்றவில்லை. கோலியை மாற்றினார்.
இரண்டும் ஒரே ஆசை.

ஆனால் காரைதீவு மணலில்,
மாடு படுத்தெழும்பிய இடத்தைச் சுற்றி
ஓடிப் பழகிய கால்கள் அவை.
கொழும்பின் நீலத் தரையில்
பந்து அவர்களுக்கு முன்னமே போய் நின்றது.
இரவு எட்டரைக்குக் கல்முனையில் ஏறி
விடிய ஐந்துக்கு இறங்கி
ஒன்பதுக்கு ஆட்டம்.
முதல் நாளே போய்ப் படுத்திருந்தால்
விடுதிக்கு நாற்பத்திரெண்டாயிரம்.
வேண்டாம் என்று எடுத்த தீர்மானமும்
இதே கொப்பியில்தான்,
பதினேழு பக்கம் முன்னால், என் எழுத்தில்.
முன்மொழிந்தவர்: இரத்தினவேல்.
வழிமொழிந்தவர்: நான்.

ஏழு கைகள் எழும்பின.
எழுதுகிறவளின் கையை எண்ணுவதில்லை
என்றொரு வழக்கம் எங்களிடம்.
வசதியான வழக்கம்.

வாசலில் செருப்பைத் தேடியபடி
சேர் என்னிடம் சொன்னார்:
"கிதுர்சனாட்டச் சொல்லுங்க,
அவளில ஒரு பிழையும் இல்லையெண்டு.
நான் சொன்னா நம்பமாட்டாள்."

மறுநாள் சந்தையில் கண்டு சொன்னேன்.
மீன்காரன் தந்த மிச்சக் காசை
எண்ணிக்கொண்டிருந்தாள்.
"தெரியும் அக்கா.
என்னை எடுக்காம விட்டிருந்தா
அந்தப் பந்தப் பிடிச்சிருப்பன்."
இன்னொருக்கால் எண்ணினாள்.
"பிடிச்சிருப்பனோ, தெரியா."
பத்து ரூபாய் குறைவென்று
திரும்பி மீன்காரனிடம் போனாள்.