இல்லாத கோடு

இந்தக் கட்டடத்தில்
ஒன்றும் தெரியாவிட்டால்தான் கொண்டாட்டம்.

டண்டீ. பிப்ரவரி.
கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
டே ஆற்றின் ரயில் பாலத்தைப்
பாதிவரை தின்றுவிட்டது.
மூன்றாம் மாடி ஜன்னல் விளிம்பில் ஒரு கடற்காகம்
எங்கள் சாண்ட்விச்சுகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.
இருட்டறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
இஷ்பல் ரட்ரே படத்தோடு வருகிறாள்.
பன்னிரண்டு தடம்.
பன்னிரண்டிலும் கறுப்பாக, கொழுப்பாக
அதே கோடு.

சாகாத புரதம்.

பழைய மருந்துகள்
பூட்டின் துவாரத்தில் மெழுகு அடைத்தவை.
அடைத்திருக்கும் வரைக்கும் சரி.
மெழுகு உருகியதும் புரதம் கொட்டாவி விட்டு எழுந்து
விட்ட இடத்தில் வேலையைத் தொடங்கும்.
எங்களுடையது கட்டிப் போடுவதில்லை,
காட்டிக் கொடுப்பது.
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
அந்தக் காலை ஊன்ற
எனக்கு இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆயிற்று.

இரண்டு கை உள்ள மூலக்கூறு.
ஒரு கை கெட்ட புரதத்தின் தோளில்,
மற்றது முத்திரை குத்தும் நொதியின் முழங்கையில்.
நடுவில் கார்பன் கார்பனாக நான் முறுக்கிய கயிறு.
கல்யாணத் தரகன்தான், வேறென்ன.
முன்பின் அறியாத இருவரை
ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டு
காபி ஆறுவதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

முத்திரையின் பெயர் யூபிக்விட்டின்.
எங்கும் இருப்பது என்று பொருள்.
தூண் மரத்தாலானால் தூணிலும் உண்டு,
துரும்பிலும் உண்டு, ஈஸ்ட்டிலும் உண்டு,
ஸ்ட்ரூவனின் சிவப்புத் தாடியிலும்
கொஞ்சம் ஒட்டியிருக்கும்.
வரிசையாக நாலு முத்திரை விழுந்தால்
பீப்பாய் வாய் திறக்கும்.
நோட்டாக உள்ளே போனது
சில்லறையாக வெளியே வரும்.

அப்படித்தான் காகிதத்தில்.

கோடு போகவில்லை.
அளவைக் கூட்டினேன்.
போகவில்லை.
இன்னும் கூட்டினேன், கயிற்றை நீட்டினேன்,
நடுவில் ஓர் ஆக்சிஜனைச் செருகினேன், பிடுங்கினேன்.
ஒருமுறை பன்னிரண்டு தடமும் வெறுமை.
ஸ்ட்ரூவன் கேக் வாங்க ஓடினான்.
இஷ்பல் மட்டும் படத்தைக் கீழ்நோக்கி வழித்து
ஆக்டின் கோட்டைத் தேடினாள்.
அதுவும் இல்லை.
செல்கள் மொத்தமும் செத்திருந்தன.
ஊரே செத்துப்போன ஊரில்
திருடன் இல்லை என்பது ஒரு சேதியா?
கேக்கை எப்படியும் தின்றோம்.

போன வியாழன் ஸ்ட்ரூவனுக்கு ஜலதோஷம்.
நீர்க்க வைத்திருந்ததை
இன்னொரு தரம் நீர்க்க வைத்துவிட்டான்.
ஆயிரத்தில் ஒரு பங்கு.
அவன் வாயே திறக்கவில்லை,
படம்தான் சொன்னது.
கனத்த அளவுகள் எல்லாவற்றிலும் அதே கொழுத்த கோடு.
மெலிய மெலியத் தேய்ந்து
ஒன்பதாம் தடத்தில்
இல்லை.
கீழே ஆக்டின்
பன்னிரண்டு பல்லும் தெரிய இளிக்கிறது.

பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.
நான்கு பேருக்கு நானே வகுப்பெடுத்ததுதான்.
தரகர்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டால்
ஒருவன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்,
இன்னொருவன் பெண்ணின் கையை.
ஊர் நிறையத் தரகர்கள்,
ஒரு கல்யாணமும் நடக்காது.

இரண்டு வருடம் நான் ஊற்றிக்கொண்டிருந்தது
கூட்டத்தை.

எலி இன்னும் வரவில்லை. மனிதர் அதற்கும் அப்பால்.
இது தட்டில் ஒட்டி வளரும் செல்கள்,
அவ்வளவுதான் என்று
இஷ்பல் இரண்டு முறை சொன்னாள்,
இரண்டாம் முறை குரல் கொஞ்சம் சரியில்லை.
வெளியே பாலம் இன்னும் பாதிதான்.
நாலரை மணி ரயில்
மற்ற பாதி இருக்கிறதென்ற நம்பிக்கையில்
பனிக்குள் போகிறது.

நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
தடம் ஒன்பது. ஒன்றும் இல்லை.
இஷ்பல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
ஒன்றும் இல்லாததற்குச்
சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.