முன்தண்டுக்காரன் கணக்கு

எனக்கு எழுத்துத் தெரியாது, தராசும் கிடையாது.
இடது தோளில் ஒரு காய்ப்பு உண்டு,
புறாமுட்டை அளவு.
வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இடையில்
எது ஏறியது எவ்வளவு இறங்கியது என்று
அதைக் கேட்டால் சொல்லும்.

லாக்லன் மெக்கெர்ரோவை முதன்முதலில் சுமந்தது
பல்லக்கில் இல்லை, டோலியில்.
கொடி பிடிக்கிற சின்னத்துரை.
கப்பல் இறங்கி மூன்றாம் மாதம்
காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு வந்தான்.
(செத்தவனை அவன் என்று சொல்லலாம்.)
ஐந்து மணங்குகூடத் தேறாது.
தலைமயிர் மட்டும் நனைந்த செம்மண்.
பின்தண்டிலிருந்து ஓபுளு சொன்னான்:
"இது பாலாற்றைத் தாண்டாது."
பாலாற்றில் தண்ணீர் இல்லை.
தாண்டிவிட்டான்.

அப்புறம் ஏழெட்டு வருஷம் குதிரை.
அந்தக் காலத்துக் கணக்கு குதிரைக்குத்தான் தெரியும்.

துபாஷ் அனந்தையன் ஒருநாள் சொன்னார்:
துரையின் தகப்பனைத் தூக்கில் போட்டது
துரையின் ராசாவேதானாம்.
மலைநாட்டு வீடு, மாட்டுக்கொட்டில், எல்லாவற்றையும் கொளுத்தியது
இதே சிவப்புச் சட்டைக்காரர்களாம்.
"பிறகு அதையே ஏன் போட்டுக்கொண்டான்?" என்றேன்.
"உன் தோளில் ஏன் அவன் தண்டு?" என்றார்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மேஜரானதும் எங்கள் எட்டுப் பேரையும் எழுதிக்கொண்டார்கள்.
ஆறு மணங்கு, நாலு வீசை.
சித்தூர்ப் பக்கம் ஒரு பாளையக்காரன் கிஸ்தி கட்டவில்லை.
வைக்கோல்போர், கம்பங்கொல்லை, நாற்பது கூரை.
எரிந்து முடிகிறவரை மெக்கெர்ரோ இறங்கி நின்று பார்த்தான்.
காலையிலிருந்து அவன் வாயில் பச்சைத்தண்ணீர் படவில்லை.
திரும்ப ஏறினபோது
ஒரு வீசை கூட இருந்தது.
ஓபுளுவும் அதையே சொன்னான்,
நான் வாய் திறப்பதற்கு முன்னால்.

மைசூர்க் குதிரைகள் கோட்டையைச் சுற்றிக்கொண்ட வருஷம்
அவன் கர்னல்.
சாமி இல்லாத கோயிலுக்குள் வெடிமருந்து மூட்டை.
அகழி முதலைகள்கூட விலா தெரியக் கிடந்தன.
முதலில் எங்கள் அரிசியைப் பாதியாக்கினான்,
பிறகு சிப்பாயின் அரிசியை,
கடைசியில் தன்னுடையதை.
வரிசை அப்படித்தான்.
ஆனால் தன்னுடையதையும் ஆக்கினான், அதை மறைத்தால் பாவம்.
தினம் ஒரு தரம் மதில்மேல் அவனைத் தூக்கிச் சுற்றவேண்டும்,
துரை உயிரோடிருக்கிறான் என்று எல்லோரும் பார்க்க.
நாலரை மணங்கா, நாலா?
அந்தக் கணக்கு மட்டும் எனக்கே சந்தேகம்.
தராசும் இளைத்திருந்தது.

பிழைத்தான். ஜெனரல் ஆனான்.
சென்னப்பட்டணத்திலிருந்து புதுப் பல்லக்கு வந்தது,
தண்டின் முனையில் வெள்ளிச் சிங்கம்,
அதற்கே அரை மணங்கு.
அவன் ஒன்பது.
கால் கட்டைவிரலில் கீல்வாயு,
குலுங்கினால் ஒரு வசவு, சுத்தமான எங்கள் பாஷையில்.
திண்டுக்கடியில் நவாபு எழுதிக்கொடுத்த கடன்பத்திரங்கள்.
வெறும் காகிதந்தானே என்றேன்.
"ரெண்டு சீமை எடை," என்றார் அனந்தையன், சிரிக்காமல்.
எங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

ஆடியில் வாந்திபேதி. ஒரே ராத்திரி.

பெட்டியைத் தூக்க எங்களைக் கூப்பிடவில்லை.
வெள்ளைக் கையுறை போட்ட ஆறு சோல்ஜர்கள்,
ஆறு பேரும் ஆறு உயரம்.
மேடு வந்தால் மேடு என்று
முன்னால் போகிறவன் குரல் கொடுக்கவேண்டாமா?
தம்பட்டம் மட்டும் அடித்துக்கொண்டு போனார்கள்.

அகழிப் பாலம் முடிகிற இடத்தில், இடப்பக்கம்
கல் பெயர்ந்த குழி ஒன்று.
மழையில் நிரம்பி, தரைமாதிரிதான் தெரியும்.
கூட்டத்துக்குள்ளிருந்து என் வாய் தானாகக் கத்தியது:
"பள்ளம்! இடது பள்ளம்!"

ஒருவரும் திரும்பவில்லை.
பெட்டி சாய்ந்தது.
உள்ளே என்னவோ ஒரு பக்கமாக நகர்கிற சத்தம்.

என் தோள், மேலே ஒன்றுமில்லாமலே,
தாழ்ந்து கொடுத்தது.