பூச்சிக் கணக்கு

மாசி.
மலர்க் கண்காட்சி முடிந்து
வாடகைத் தொட்டிகளை வேனில் ஏற்றிய மறுநாள்
கண்காணிப்பாளர் ஒரு நீள நோட்டைத் தந்தார்.
ஒரு மரத்துக்குக் கால் மணி நேரம்.
வந்தது எது, எத்தனை, எந்தப் பூவில்.
"எண்ணினா போதும் வேதநாயகி.
விளக்கம் வேண்டாம்."

நாகலிங்கத்தடியில்
முதல் ஐந்து நிமிடத்தை வாசனை எடுத்துக்கொண்டது.
மிச்சத்தில் கருவண்டு பதினொன்று.
இரண்டு விதப் பொடி வைத்திருக்கிறது அந்தப் பூ:
குடைக்குள் இருப்பது வண்டு தின்ன,
வளையத்தில் இருப்பது
வண்டின் முதுகில் ஏறி ஊர் போக.
சோறு வேறு, சேதி வேறு.
வேண்டாம் என்றதை
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

சித்திரையில் கொன்றை.
பள்ளி விடுமுறை, பொம்மை ரயில்.
ரயில் ஊதும்போதெல்லாம்
வண்டு அசையவில்லை,
நான்தான் எண் தவறினேன்.
உதவிக்கு நின்ற ரியாஸ் என்ற பொடியன்
"கொசுத்தேனீ நாப்பத்தாறு" என்றான்.
அத்தனையா?
"ஒரே ஈதான் அக்கா. நாப்பத்தாறு தடவ வந்துச்சு."
எப்படித் தெரியும் என்றதற்கு
என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
நாற்பத்தாறு என்றே போட்டேன்.

இரவு என்று அச்சடித்த கட்டம் மட்டும்
பக்கம் பக்கமாகக் காலி.

மாலை ஆறு மணிக்கு வாசலில்
சாவிக்கொத்து வாங்க வருபவர் அந்துவான்.
தம்பி லியோனில், இவர் லாஸ்பேட்டையில்.
ஒருநாள் நோட்டைப் புரட்டிவிட்டு
"இது ஏன் காலி?" என்றார்.
ஆறு மணிக்கு நான் போய்விடுகிறேனே.
"ஆறு மணிக்குத்தானே நான் வர்றேன்."

அன்றிலிருந்து நோட்டில் இரண்டு கையெழுத்து.

அவருக்கு இரவில் பறப்பதெல்லாம் அந்து.
அந்து, பெரிசு, ரெண்டு.
அந்து, நின்ன எடத்துலயே பறக்குது, ஒண்ணு.
ஆனி மாதம் பப்பரப்புளி பூத்தபோது மட்டும்
வௌவால் மூணு. ஒண்ணு என்னையப் பாத்துச்சு.
நான் பென்சிலில்: நீங்கள் என்ன செய்தீர்கள்?
மறுநாள் பேனாவில்: டார்ச்ச அணைச்சேன்.

நேரில் பேசியது குறைவு.
சாவி, "மழை வரும்போல", "ம்."
ஆடிக்காற்றில் பக்கம் பறக்காதிருக்க
ஒரு மகோகனிக் காயை வைத்துவிட்டுப் போவார்.
நான் அதைத் திருப்பி வைப்பேன்.

கார்த்திகைப் புயல்
இரண்டு நாள் பூங்காவை மூடியது.
மறைமலையடிகள் சாலையில் முழங்கால் தண்ணீர்.
மூன்றாம் நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.
டிக்கெட் கவுண்டர் பெஞ்சில்
தொப்பி முகத்தை மூட, அந்துவான் தூக்கத்தில்.
கம்பியில் விரித்துக் காயப்போட்ட நோட்டு,
மை ஊறி நீலக் கறையாய்.

இரவு. பூஜ்யம்.
இரவு. பூஜ்யம். கேட் பறந்துருச்சு.
காலை நாலு பத்து. காத்து நின்னுருச்சு.
மரமல்லி வேரோட சாஞ்சு கெடக்கு.
படுத்தபடி பூக்குது.
அந்து: ஒண்ணு.

பூச்சியா ஆளா என்று
எழுப்பிக் கேட்கவில்லை.
மாதக் கூட்டலில் சேர்த்துக்கொண்டேன்.

மரம் அறுக்கிறவர்கள் பத்து மணிக்கு வருவார்கள்.
மணி எட்டரை.
இத்தனை வருடம்
உதிர்ந்த பிறகு மட்டுமே கைக்குக் கிடைத்த பூ
இப்போது காம்போடு
என் இடுப்பு உயரத்தில்,
நீளக் குழல், உள்ளே இன்னும் ஈரம்.

கால் மணி நேரம் நின்றேன்.
பகலில் இதற்கு
யாரும் வருவதில்லை என்று தெரியும்.
எட்டு நாற்பத்தைந்துக்குக்
கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும்.
இன்னொரு ஐந்து நிமிடம்
நின்றேன்.